பரிசுச் சிலையில் நிற்கும் மனிதர்

தீபாவளி விடுமுறையில் தாத்தாவோடு உட்கார்ந்து பழைய எம்.ஜி.ஆர். படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் போடும்போது தயாரிப்பாளரின் பெயர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் என்று வந்தது. சாண்டோ என்பது ஊர்ப் பெயரா, பட்டமா என்று தாத்தாவைக் கேட்டேன். உடம்பை நன்றாகத் தேற்றி வைத்திருப்பவரை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைப்பார்கள் என்றார். கோயம்புத்தூரில் உடற்பயிற்சி செய்து உடலை வளர்த்தவர் தேவர்; அதனால் அந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதாம். தமிழ்நாட்டில் கையில்லாத பனியனுக்குக்கூட சாண்டோ பனியன் என்று பெயர் உண்டு.

தேடிப் பார்த்தபோதுதான் அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்தது. உடற்கட்டுக் கலையின் தந்தை என்று போற்றப்படும் யூஜின் சாண்டோதான் அவர்.

நான் அவரைப் பற்றித் தொடர்ந்து படித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த விடுமுறைக்கு முன்புதான், நான் பயிற்சிக்குப் போகும் ஜிம்மில் பழக்கமான ஓர் அண்ணன் எனக்கு ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்திருந்தார். பத்து மாதமாகத் தவறாமல் பயிற்சி செய்தும் என் கை அவ்வளவாகப் பெருக்கவில்லை. மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும் என்று அவர் சொன்னார். அட்டையில் மருந்தின் பெயர்கூட சரியாக இல்லை. வாங்கி வந்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். விழுங்கவும் பயம், தூக்கிப் போடவும் மனமில்லை. அந்த நிலையில்தான் சாண்டோவின் வாழ்க்கையைப் படித்தேன்.

பெயரை மாற்றிக்கொண்ட இளைஞர்

அவருடைய இயற்பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867 ஏப்ரல் 2-ஆம் தேதி, பிரஷ்யா நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்த நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். கட்டாய ராணுவச் சேவையைத் தவிர்க்க இளம் வயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி சர்க்கஸில் சேர்ந்தார். யூஜின் சாண்டோ என்பது பிறகு அவர் வைத்துக்கொண்ட மேடைப் பெயர்.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். லூயி டுர்லாக்கர் என்ற அந்த ஆசானை எல்லாரும் பேராசிரியர் அட்டிலா என்று அழைத்தார்கள். எடை தூக்கும் நுணுக்கத்தையும் மேடையில் நிற்கும் விதத்தையும் சாண்டோ அவரிடம்தான் கற்றார்.

1889-இல் லண்டனில் சாம்சன் என்ற பலசாலி தினமும் மேடையேறி, தன்னை வெல்லக்கூடியவர் உண்டா என்று சவால் விட்டுக்கொண்டிருந்தார். அட்டிலாவின் ஏற்பாட்டில் சாண்டோ அங்கே போனார். மாலை விருந்துக்குப் போகும் கனவானைப் போல் கோட்டு அணிந்து மேடையேறியவரைப் பார்த்துக் கூட்டம் சிரித்ததாம். கோட்டைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. முதலில் சாம்சனின் சீடர் சைக்கிளோப்ஸும், சில நாள்களில் சாம்சனும் தோற்றார்கள். ஊர் பேர் தெரியாத 22 வயது இளைஞர் ஒரே வாரத்தில் லண்டனின் பேச்சாகிவிட்டார்.

எடையை விட உடல் விலைபோனது

1893-இல் சாண்டோ அமெரிக்கா போனார். சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு அது. அங்கே புளோரன்ஸ் சீக்பெல்ட் என்ற இளம் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அவரை ஒப்பந்தம் செய்தார். சாண்டோ எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதைவிட, தூக்கும்போது அவர் உடல் எப்படித் தெரிகிறது என்பதைத்தான் மக்கள் பார்க்கிறார்கள் என்பதை சீக்பெல்ட் கவனித்தார். எனவே எடை தூக்குவதைக் குறைத்து, தசைகளைக் காட்டி நிற்பதை நிகழ்ச்சியின் மையமாக்கினார். இன்றைய ஆணழகன் போட்டிகளில் நாம் பார்க்கும் போஸ் கொடுக்கும் வழக்கத்தின் தொடக்கம் அதில் இருக்கிறது.

1894-இல் தாமஸ் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் சாண்டோ கேமரா முன் நின்றார். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தப் படம் இன்றும் இருக்கிறது. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வயிறு, தோள், முதுகு எல்லாம் செதுக்கியது போல் இருக்கின்றன. ஆனால் என் ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களோடு ஒப்பிட்டால் அவர் சிறியவர். கழுத்து தோளுக்குள் மறையவில்லை. தோலுக்கு மேல் நரம்புகள் கயிறு போல் புடைத்து நிற்கவில்லை. உலகிலேயே சிறந்த உடல் என்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்டவர் இப்படித்தான் இருந்தார் என்பது எனக்கு ஆச்சரியமாகவும், உண்மையைச் சொன்னால் ஆறுதலாகவும் இருந்தது.

அவர் மருந்து எடுக்காத உத்தமர் என்று பாராட்ட நான் வரவில்லை. எடுக்க அப்போது மருந்தே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் இயக்குநீரை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்ததும் ஆய்வகத்தில் உருவாக்கியதும் 1935-இல்தான். சாண்டோ இறந்து பத்தாண்டு கழித்து நடந்தது அது. சோறும் இறைச்சியும் தூக்கமும் பயிற்சியும் ஒரு மனித உடலை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவர் உடல் ஓர் அளவுகோல். அதனால்தான் இயற்கை உடற்கட்டைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அவரிடம் திரும்பிப் போகிறார்கள்.

1901: முதல் பெரும் போட்டி

1897-இல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு உடற்பயிற்சிக்கென்றே ஒரு மாத இதழை ஆரம்பித்தார். அந்த இதழின் வழியாக அறிவித்து, மாவட்ட அளவில் தேர்வுகள் நடத்தி, 1901 செப்டம்பர் 14-ஆம் தேதி ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் இறுதிப் போட்டியை நடத்தினார். 60 பேர் மேடையேறினர். மண்டபம் நிரம்பி வழிந்தது. நடுவர்கள் மூவர்: சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், சாண்டோ.

இந்தப் போட்டியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மதிப்பெண் வழங்கிய முறை. தசையின் வளர்ச்சிக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. உடலின் எல்லாப் பகுதிகளும் சீராக வளர்ந்திருக்கின்றனவா, தசை உறுதியாக இருக்கிறதா, பொதுவான உடல்நலம் எப்படி, தோல் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்த்தார்கள். மிகப் பெரிய தசை உள்ளவருக்கே பரிசு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் சாண்டோ கவனமாக இருந்தார். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மரே முதல் பரிசு பெற்றார். அவருக்குக் கிடைத்தது சாண்டோவின் உருவத்தில் வார்த்த தங்கச் சிலை.

அந்தச் சிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் அதனிடம் வருவேன்.

1904-இல் சாண்டோ எழுதிய ஒரு நூலின் தலைப்பில் உடற்கட்டு என்பதற்கான ஆங்கிலச் சொல் இடம்பெற்றது. அதன் பிறகே அந்தச் சொல் பரவலானது. 1904-05-இல் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அந்தப் பெயர் நம் தாத்தா காலத்துப் பேச்சில் நுழைந்து, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் பெயருக்கு முன்னால் பட்டமாக நிற்கும் அளவுக்கு நிலைத்தது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தம் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார்.

அவர் சொல்லாமல் விட்டது

இதுவரை படித்த உங்களுக்கு அவர் குறையில்லாத மனிதர் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மேலும் படித்தபோது வேறொன்றும் தெரிந்தது.

சாண்டோ கைதேர்ந்த வியாபாரியும்கூட. வசந்தக் கம்பி வைத்த டம்பெல், ரப்பர் இழுவைக் கருவி, அஞ்சல் வழிப் பயிற்சி, கோக்கோ பானம் என்று பலவற்றைத் தம் பெயரில் விற்றார். எடை குறைந்த டம்பெல்லை மனத்தை ஒருமுகப்படுத்திச் செய்தால் போதும் என்பது அவர் மக்களுக்குக் கற்பித்த முறை. ஆனால் அவர் உடல் உருவானது அப்படியல்ல. அட்டிலாவிடம் கனமான எடைகளைத் தூக்கித் தூக்கி வளர்ந்த உடல் அது. புகைப்படத்துக்கு நிற்கும்போது பளிங்குச் சிலை போல் தெரிவதற்காக வெள்ளைப் பொடி பூசிக்கொண்டதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு மோதுவதாக விளம்பரம் செய்தார். வாய்க்கூடும் கால்களுக்கு உறையும் போட்டு விடப்பட்ட அந்தச் சிங்கம் சண்டைக்கே வரவில்லை.

உடல் உண்மையானது, அதை விற்ற கதையில் கொஞ்சம் பொய் கலந்திருந்தது. மருந்தே இல்லாத காலத்திலும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. இன்று மருந்தால் வளர்ந்த உடலைக் காட்டிக்கொண்டு, இந்தப் புரத மாவைக் குடித்ததால்தான் இப்படி ஆனேன் என்று விற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ரப்பர் இழுவைக் கருவி நினைவுக்கு வருகிறது. வாங்கிப் போகிறவர் தனக்கு வராதபோது தன் முயற்சியில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார். நானும் அப்படித்தான் பத்து மாதம் நினைத்திருந்தேன்.

முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய மண்ணில் பிறந்தவர் என்ற சந்தேகப் பார்வை அவர்மீது விழுந்தது. கோக்கோ நிறுவனமும் நொடித்தது. 1925 அக்டோபர் 14-ஆம் தேதி லண்டனில், 58 வயதில் காலமானார். பள்ளத்தில் விழுந்த காரைத் தனியாகத் தூக்கியதால் இறந்தார் என்று ஒரு கதை பரவியது. இறப்புச் சான்றிதழ் சொன்ன காரணம் பெருந்தமனி வீக்கம். புட்னி வேல் இடுகாட்டில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பல பத்தாண்டுகளுக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. இயற்கையாக உடல் வளர்த்தவர் நூறாண்டு வாழ்வார் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதும் இதில் ஒரு பாடம்.

மாத்திரை வந்த கதை

அவருக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954-இல் வியன்னாவில் நடந்த உலகப் பளுதூக்கும் போட்டியின்போது, சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வதை ஜான் சீக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் அறிந்தார். 1958-இல் சீபா நிறுவனத்தின் டயனபால் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. நோயாளிகளுக்கென்று தயாரான மருந்து அது. சீக்லர் அதைப் பளுதூக்கும் வீரர்கள் சிலருக்குச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார். வீரர்களோ ஒன்று சொன்னால் பலவாக விழுங்கத் தொடங்கினர். அவர் அந்த முயற்சியையே கைவிட்டார். வாழ்நாளின் பிற்பகுதியில் அதை நினைத்து வருந்தினார். அதற்குள் மாத்திரை ஜிம்களுக்குள் பரவிவிட்டது.

இந்த மருந்துகள் வேலை செய்யும் விதம் எளிமையானது. தசை அணுக்களில் புரத உற்பத்தியைக் கூட்டுகின்றன. ஆனால் வெளியிலிருந்து இயக்குநீர் வந்ததும், இனி நாம் சுரக்கத் தேவையில்லை என்று மூளை முடிவு செய்து, உடலின் சொந்த உற்பத்தியை நிறுத்துகிறது. விதைகள் சுருங்கும், விந்தணு குறையும். மாத்திரையாக விழுங்கும் வகைகள் கல்லீரலைத் தாக்கும். நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு கூடும். இதயச் சுவர் தடிக்கும். சிலருக்கு மார்பகம் வளரும். உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் தம்பிகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: எலும்பின் வளர்முனைகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் அங்கேயே நின்றுவிடலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். கைமாற்றாக வரும் அட்டைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஒலிம்பிக் குழு 1975-இல் ஸ்டீராய்டுகளைத் தடை செய்தது. உடற்கட்டுத் துறையில் அப்படி நடக்கவில்லை. 1965-இல் தொடங்கிய மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் 1990-இல் மருந்துச் சோதனை நடத்தினார்கள். சிலர் தகுதி இழந்தனர். அடுத்த ஆண்டு சோதனை தொடரவில்லை. மேடையில் உடல்கள் மேலும் மேலும் பெருத்தன.

அதற்கு எதிராகத்தான் 1980களிலிருந்து இயற்கை உடற்கட்டு அமைப்புகள் வளர்ந்தன. இவற்றில் போட்டியிட விரும்புபவர் சிறுநீர்ச் சோதனைக்கும், பல இடங்களில் பொய் கண்டறியும் கருவிச் சோதனைக்கும் உட்பட வேண்டும். ஏழு, பத்து ஆண்டு என்று நீண்ட காலம் மருந்து தொடாதவராக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. சோதனையை ஏமாற்றுபவர்கள் அங்கேயும் இருக்கலாம். ஆனாலும் என் உடல் எப்படி வந்தது என்று மேடையில் நிற்பவரே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருக்கிறது. சாண்டோ மழுப்பிய இடம் அதுதான்.

என் கணக்கு

1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 157 விளையாட்டாளர்களை ஒப்பிட்டார்கள். 83 பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். 74 பேர் எடுக்காதவர்கள். கொழுப்பு நீங்கலான உடல் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து ஓர் எண் கண்டார்கள். மருந்து எடுக்காதவர்களின் எண் ஏறக்குறைய 25-க்குள் நின்றது. எடுத்தவர்கள் பலர் அதைத் தாண்டினர். இதை இரும்பு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பயனுள்ள அடையாளம்.

நானும் கணக்குப் போட்டேன். என் உயரம் 1.73 மீட்டர், எடை 68 கிலோ, கொழுப்பு சுமார் 15 விழுக்காடு. கொழுப்பு நீங்கலாக 57.8 கிலோ. என் எண் 19.3. எண் 25-ஐத் தொட இன்னும் 17 கிலோ தசை வேண்டும். என் வாழ்நாள் முழுதும் பயிற்சி செய்தாலும் அந்த எல்லையை நான் தொடப்போவதில்லை. இயற்கையாக இனி வளர முடியாது என்று சொல்லி அந்த அண்ணன் மாத்திரையை நீட்டினார். நான் போக வேண்டிய பாதையில் இன்னும் கால்வாசிகூடப் போகவில்லை என்று கணக்கு சொன்னது.

விடுமுறை முடிந்து போனதும் அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இரண்டு ஆண்டாக இதை நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் உடம்பு இறங்கிவிடுமே என்ற பயம் என்று பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் தோளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்த எனக்கு அன்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு மருத்துவரைப் பாருங்கள் அண்ணே, திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கிளினிக்குக்குத் துணைக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்தச் சிலைக்கு வருகிறேன். 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்குக் கொடுக்கப்படும் பரிசு, சாண்டோவின் உருவச் சிலை. 100 கிலோவைத் தாண்டிய உடல்கள் போட்டியிட்டு வென்று, கையில் தூக்கிப் பிடிக்கும் அந்த மனிதர், இன்று அதே மேடையில் ஏறினால் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுவார். 1901-இல் அவர் வகுத்த மதிப்பெண் தாளில் உடல்நலம் என்று ஒரு வரி இருந்தது. சிலையை வைத்துக்கொண்டார்கள், அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

உடலைத் தேற்ற விரும்பும் நண்பர்களே, அந்த வரியை நாம் மறக்க வேண்டாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் பயிற்சி, போதிய உறக்கம், வீட்டில் அம்மா வைக்கும் முட்டையும் மீனும் பருப்பும், இவற்றோடு பொறுமை. எனக்கு இது பதினான்காவது மாதம். கை அரை அங்குலம்தான் கூடியிருக்கிறது. போன வாரம் தாத்தா என்னைப் பார்த்து, சாண்டோ வந்துட்டாருடா என்று பாட்டியிடம் சொல்லிச் சிரித்தார்.